இரட்டிக்கும் எண்ணும் எல்லை குறிக்கும் அறமும்

புதுவையின் பாகூர்க் கொம்யூனுக்குத் தெற்கே தென்பெண்ணையைக் கடந்தால் கடலூரும், அதன் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரும் வரும். பண்டு பாடலிகம் எனப் பெயர் பெற்ற சமண முனிவர் உறைவிடம் இதுவே என்பது அறிஞர் பலர் துணிபு. அவ்விடத்தே கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி முனிவர் ‘லோகவிபாகம்’ என்னும் உலகவியல் நூலை இயற்றினார். மூலநூல் இன்று இல்லை. சிம்மசூரி பின்னாளில் வடமொழியில் ஆக்கியதே நமக்குக் கிடைத்துள்ளது.

அந்நூலில் 13107200000 என்னும் பேரெண் வருகிறது. அது சொற்களாலேயே, ஒன்றாம் இடத்திலிருந்து மேல்நோக்கி, பூச்சியத்துக்கும் உரிய இடம் தந்து கூறப்பட்டுள்ளது. இடமதிப்பு முறைக்கு மிகத் தொன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கணித வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுவர்.

இவ்வெண்ணின் உள்ளமைப்பை நோக்குவோம். ஈற்றிலுள்ள ஐந்து பூச்சியங்களை நீக்கினால் 131072 எஞ்சும். இதனைப் பதினேழு முறை பாதியாக்கினால் முடிவில் ஒன்றே நிற்கும். நாவலந்தீவின் அகலம் ஓரிலட்சம் யோசனை. அதனைச் சூழ்ந்த உப்புக்கடல் இரண்டிலட்சம். அடுத்த தீவு நான்கிலட்சம். இவ்வாறு இரட்டித்துச் செல்லப் பதினெட்டாம் இடத்தில் நிற்பதே இவ்வளவு. பாதியாக்கும் முறைகளை எண்ணும் இக்கணக்கை, ‘தவளா’ உரையில் வீரசேனர் ‘அர்த்தச்சேதம்’ என்று வழங்குவார்.

ஒன்று இத்துணைப் பெரிதாவதற்குப் பதினேழு படிகளே போதும் எனின், நாம் எந்தப் படியில் நிற்பது அறம்?

வில்லியனூரிலோ பாகூரிலோ உழவர் ஒருவர் ஓரிலட்சம் ரூபாய் கடன் பெறுவதாகக் கொள்வோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. கட்டாத வட்டி மாதந்தோறும் முதலோடு சேரும். ஏறக்குறைய 35 மாதங்களில் கடன் இரட்டிக்கும். பதினேழு முறை இரட்டிக்க ஐம்பதாண்டு ஆகும். அப்பொழுது தொகை 1310 கோடியே 72 இலட்சம் ரூபாய். அது லோகவிபாகத்தின் அதே எண்! நடைமுறையில் கடன் அவ்வளவு வளர்வதில்லை. இரண்டாம் மூன்றாம் படியிலேயே கழனி கைமாறிவிடுகிறது.

இருவரும் இசைந்து செய்த ஒப்பந்தத்தில் குற்றம் ஏது எனச் சிலர் வினவலாம். முதற்படியில் இசைந்தவர் மூன்றாம் படியைக் கண்டு இசைந்தவர் அல்லர். கணக்கறிந்தவரோ அதனை முன்பே காண்கிறார். அறிந்தவர்க்கே பொறுப்பு மிகுதி.

எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, முடிவில்லாதது என நம் ஆகமங்கள் அளவை மூவகைப்படுத்தும். மேற்கூறிய பேரெண் முதல்வகையினதே. எத்துணைப் பெரிதாயினும் அதற்கோர் எல்லையுண்டு. ஆசைக்கு அத்தகைய எல்லை தானாக அமைவதில்லை. ஆதலின் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், குறைவாக வைத்துக்கொள் எனப் பொதுப்படக் கூறி நிற்பதில்லை. நிலம், பொன், தானியம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு குறிக்கச் சொல்கிறது. அளவு குறித்தவரே அது மீறப்பட்டதை அறிவார்.

வட்டிக்கும் அவ்வாறே ஓர் அளவு குறிப்போம். முதலுக்கு மேல் எவ்வளவு பெற்றால் போதும் என்பதைக் கடன் கொடுக்கும் நாளிலேயே முடிவு செய்வோம். பதினேழாம் படியில் நிறுத்துவது எவராலும் இயலாது. முதற்படியில் நிறுத்துவது யாவர்க்கும் எளிது.