பொடிப்பதற்கா பயம், அம்மணி?

ஐசிங் சுகர் கடையில் கிடைக்கவில்லை என்று வந்த கேக் ஆர்டரைத் திருப்பி அனுப்பினாயா? பவானியில் இருந்துகொண்டா? எந்த மண்ணில் நின்றுகொண்டு எதற்கு அஞ்சுகிறாய், அம்மணி!

ஆப்பக்கூடலில் சர்க்கரை ஆலையே இருக்கிறது. அதை விடு, கவுந்தப்பாடிப் பக்கம் போய்ப் பார். கரும்புக் காட்டை ஒட்டியே ஆலைக்கொட்டகை. கொப்பரையில் சாறு கொதிக்கும். சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை அள்ளி எடுப்பார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் தொட்டியில் ஊற்றி, ஆற ஆறத் தேய்ப்பார்கள். வெல்லமாக இறுக வேண்டியது கண்ணெதிரே பொலபொலவென்று நாட்டுச்சர்க்கரையாக உதிரும். அங்கே பட்டம் படித்தவரைத் தேடாதே. பதம் தெரிந்த கண்ணும் சளைக்காத கையும்தான் மூலதனம். அந்த நாட்டுச்சர்க்கரையைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறது பழனி தேவஸ்தானம்! 2019இல் புவிசார் குறியீடு பெற்றதே பழனிப் பஞ்சாமிர்தம், அதன் இனிப்பில் நம் காட்டுக்காரர்களின் உழைப்பு இருக்கிறது.

அவர்கள் கொப்பரையையே ஆள்கிறார்கள். நீ ஒரு மிக்ஸி ஜாருக்குத் தயங்கலாமா?

எடு ஜாரை. ஈரம் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது; துடைத்தால் போதாது, வெயிலில் காயவை. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார். பாதி ஜாருக்கு மேல் நிரப்பாதே. ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறும், பொடி கட்டி தட்டும். விட்டு விட்டு ஓட்டு. நிறுத்தியதும் மூடியைத் திறந்துவிடாதே, உள்ளே பறக்கும் தூசி அடங்கட்டும். பிறகு மாவுச் சல்லடையில் சலி. விரலிடையில் தேய்த்துப் பார். நறநறத்தால் மறுபடி ஜாரில் போடு. நன்றாக ஆறிய பின் காற்றுப் புகாத டப்பாவில் அடை. கடைப் பாக்கெட்டில் இருப்பதும் இதே சர்க்கரையும் மாவும்தான்! சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டியாகாமல் காப்பதுதான் அந்த மாவின் வேலை. ரவா லட்டுக்கும் மாலாட்டுக்கும் கார்ன்ஃப்ளார் வேண்டாம். சர்க்கரையோடு ஏலக்காயைத் தட்டிப் போட்டு அரைத்து, சூட்டோடு சூடாக நெய் ஊற்றிப் பிடி.

"எனக்கெல்லாம் வருமா?" என்று கேட்காதே. மூன்று வேளையும் பதம் பார்த்து ஒரு குடும்பத்தையே ஆளாக்கும் கை உன்னுடையது. அந்தக் கைக்குச் சம்பளம் கொடுக்க இதுவரை யாரும் முன்வரவில்லை. இனி நீயே கொடு. விற்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவு செய். பில்லை எடுத்து வை, கணக்கை உன் கையாலேயே எழுது, விலையைக் கூச்சப்படாமல் சொல். உறவுக்காரர் என்றாலும் காசு வாங்கு.

திருப்பி அனுப்பினாயே அந்த ஆர்டர், அவர்களுக்கு இன்றைக்கே போன் போடு. "செய்து தருகிறேன்" என்று சொல்.