பேரேட்டில் ஏறாத கடன்

வியாபாரிகளாகிய நாம் வருஷக் கடைசியில் பேரேட்டைப் பார்த்து, லாபம் இவ்வளவு என்கிறோம். அண்டை வீட்டார் சுமந்த நஷ்டம் எந்தப் பேரேட்டில் ஏறுகிறது?

ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982ல் ஓர் ஆலை எழுந்தது. ஈயலம்பங்களில் மிஞ்சிய அமாங் மணலிலுள்ள மோனசைட்டிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தது. கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவு ஊரில் தங்கிற்று. 1985ல் குடிமக்கள் வழக்காடினர். 1992ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொல்லிற்று. 1993ல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. ஆயினும் 1994ல் கம்பெனியே ஆலையை மூடிற்று. கழிவைப் புதைக்கும் வேலையோ பின்னும் பல வருஷம் நீண்டது. வழக்கில் ஜெயித்தவருக்கும் கடன் தீரவில்லையன்றோ! லைசென்ஸ் சர்க்கார் தரலாம்; அண்டையாரின் ஹக்கை மன்னிக்க அண்டையாருக்கே உரிமை.

ஆலை பெரியது, நம் கடை சிறியது என்போமா? தஞ்சோங் ரம்புத்தானில் நாம் சாக்கடையில் கொட்டும் பழைய எண்ணெயும் கிந்தா ஆற்றுக்குத்தான் போகிறது.