ஒரு துப்பட்டாவின் எடை

இரண்டு பருத்திச் சுடிதார், ஒரு துப்பட்டா போதும் என்றுதான் குறைந்த செலவில் ஊர் சுற்றக் கிளம்பும் மாணவிகளிடம் சொல்வேன். அடர்நிறத்தில் அழுக்குத் தெரியாது. மெல்லிய பருத்தி சீக்கிரம் காயும். துப்பட்டா வெயிலில் முக்காடு, ரயிலில் போர்வை, குளித்தபின் துண்டு. தையற்கடையில் பக்கவாட்டில் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். பணம் உடம்போடு இருக்கட்டும்.

ஆனால் சிக்கனம் எல்லோருக்கும் ஒன்றா? ஆண் பேருந்து நிலையத்திலேயே படுத்து எழுந்துவிடுவான். அதே இரவுக்கு நாம் தாழ்ப்பாள் உள்ள அறை தேடி வாடகை கொடுக்கிறோம். அந்த வாடகையைச் சேர்க்காத கணக்கு ஆண்களின் கணக்கு. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட் செலவு போயிற்று, “இந்த உடுப்போடா கிளம்பினாய்?” என்ற கேள்வி போகவில்லை.

அடக்கமாக உடுத்தினால் பாதுகாப்பு என்கிறார்கள். நெரிசலில் நீளும் கை புடவையென்றும் ஜீன்ஸென்றும் பார்ப்பதில்லை. அப்படியிருக்க, துப்பட்டாவை நான் பரிந்துரைப்பது சரிதானா? பயந்து போடுவதும் தேவைக்கு எடுத்துக்கொள்வதும் ஒரே துணிதான். புழுங்கும்போது அதைக் கழற்றி, மடித்து, யாருக்கும் பதில் சொல்லாமல் பைக்குள் வைக்க முடிகிறதா? முடிந்தால் அது நம் உடைமை. முடியாதவரை, எவ்வளவு மெல்லிய துணியானாலும் அது சுமைதான்.