செவியின் நீதி

நாவின் ஒழுக்கத்தைப் பற்றி நம் முன்னோர் நிரம்பப் பேசியுள்ளனர். பொய், புறம், கோள், வசை என நாவினால் விளையும் தீமைகளைக் குழந்தைப் பருவம் முதலே கேட்டு வளர்கிறோம். ஆனால் செவிக்கும் ஓர் ஒழுக்கம் உண்டென்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. கேட்டல் என்பது உடலின் தொழில் மட்டுந்தானா? அன்றி அதிலும் நீதி அநீதி உண்டா? பல நாட்டார் பேசும் ஆங்கிலத்தை விளங்கிக் கொள்ளும் முயற்சி இவ்வினாவை நம் இல்லங்கள் பலவற்றின் வாயிலுக்கே கொண்டுவந்துள்ளது.

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் பயில்கின்றனர். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெறுகின்றனர். பிழைப்பை நாடி வளைகுடா நாடொன்றில் சென்று இறங்கியதும் அவர்கள் எதிர்ப்படும் ஆங்கிலமோ பலவகை. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரகரத்தை நா அதிர உருட்டுகிறார். ஆஸ்திரேலியர் ‘டே’ என்று சொல்வது நம் செவியில் ‘டை’ என விழுகிறது. அமெரிக்கர் சொல்லும் ‘வாட்டர்’ என்பதில் டகரம் மெலிந்து ரகரத்தை நெருங்குகிறது. அரபியில் வல்லோசைப் பகரம் இல்லாமையால், அரபியர் பலர் ‘பார்க்கிங்’ என்பதன் முதலெழுத்தை ‘அம்பு’ என்பதில் வரும் பகரமாக ஒலிக்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டவர் சிலர் ‘ஃபைல்’ என்பதைப் ‘பைல்’ என்கின்றனர். நம் ஊர் அலுவலகங்களிலும் அதுவே வழக்கு என்பதை நாம் மறந்துவிடலாகாது. இவற்றுக்கிடையே நம் இளைஞர் திகைத்து நிற்கிறார். குற்றம் பேசுபவரிடமா, கேட்பவரிடமா?

அரபியோடு நமக்குள்ள உறவே இதற்கு விடை தரும். ‘ளாத்’ எனும் எழுத்தை ளகரச் சாயலில் ஒலித்து நாம் ‘ரமளான்’ என்கிறோம். உருது பேசும் சகோதரர்கள் ‘ரம்ஜான்’ என்கின்றனர். மாதமும் ஒன்றே, நோன்பும் ஒன்றே. ‘ஜமால்’ எனும் பெயரைக் கெய்ரோவாசி சொன்னால் அதன் முதலெழுத்து ‘சங்கம்’ என்பதில் வரும் ககரமாக ஒலிக்கும். திருமறையை ஓதுவதற்குத் தஜ்வீத் உண்டு. மக்ரஜ் பிசகாமல் ஓதக் கற்பது கடமை. அன்றாடப் பேச்சோ பேசுபவர் பிறந்த மண்ணின் சாயலைச் சுமந்தே வரும். சாயலற்ற பேச்சென ஒன்று உலகில் இல்லை. நாம் பழகிய சாயலையே சாயலின்மை என்று மயங்குகிறோம்.

இம்மயக்கம் அநீதியாக மாறும் இடம் ஒன்றுண்டு. ஸ்காட்லாந்துப் பொறியாளர் பேசுவது விளங்காவிடில், ‘எனக்கு ஆங்கிலம் போதாது’ என்று நம்மவர் நாணுகிறார். பிலிப்பைன்ஸ் தோழர் பேசுவது விளங்காவிடிலோ, ‘இவருக்கு ஆங்கிலம் வராது’ என்று நகைக்கிறார். இரண்டிடத்தும் விளங்காமை ஒன்றே. தீர்ப்பு மட்டும் ஏன் வேறுபடுகிறது? பேசுபவரின் நிறத்தையும் பதவியையும் கண்ட கண், செவிக்கு முந்தித் தீர்ப்பு வழங்கிவிட்டது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் விரிவுரையை ஒலிநாடாவில் பதிந்து மாணவர்களைக் கேட்கச் செய்தனர். விரிவுரையாளர் இவரே எனச் சிலருக்கு வெள்ளையினப் பெண்ணின் படமும், சிலருக்கு ஆசிய முகமுடைய பெண்ணின் படமும் காட்டப்பட்டன. குரல் ஒன்றே. எனினும் ஆசிய முகத்தைக் கண்டவர்கள் அக்குரலில் அயல்நாட்டு ஒலிப்பைக் கேட்டதாகக் கருதினர். விரிவுரையை விளங்கிக் கொண்டதிலும் பின்தங்கினர். பிறரைத் தாழ்வாக எண்ணியவர்கள் தம் கல்வியையே இழந்தனர் என்பது ஈண்டு சிந்திக்கற்பாலது.

அங்ஙனமாயின், செவி திருந்துமா? திருந்தும் என்பதற்கும் சான்று உண்டு. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மக்வீன் எனும் இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய ஆங்கிலம் ஒலிக்கும் படக்காட்சிகளைக் காட்டினர். சிலருக்குத் திரையின் அடியில் ஆங்கில வரிகள்; சிலருக்கு டச்சு மொழிபெயர்ப்பு; சிலருக்கு வரிகளே இல்லை. பின்னர் அதே ஒலிப்பில் புதிய வாக்கியங்களைக் கேட்டபோது, ஆங்கில வரிகளோடு பார்த்தவர்கள் நன்கு விளங்கிக் கொண்டனர். தாய்மொழி வரிகளோ அவ்வகையில் தடையாகவே அமைந்தன. பேசப்படும் சொல் இன்னதெனக் கண் காட்டிக் கொடுத்தால், அச்சொல்லின் புதிய ஓசையைச் செவி பற்றிக்கொள்ளும். மொழிபெயர்ப்பு பொருளைத் தரும், ஓசைக்கு வழிகாட்டாது. வெளிநாடு செல்லவிருக்கும் நம் இளைஞர்கள் அந்தந்த நாட்டாரின் பேச்சை ஆங்கில வரிகளோடு நாள்தோறும் சிறிது நேரம் கேட்டுப் பழகுதல் நலம்.

விளங்காததை விளங்கியதாகத் தலையசைக்கும் வழக்கம் பிறிதொரு தீமை. அதை நாம் மரியாதை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது சொல்லின்றி உரைக்கப்படும் பொய். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ எனும் இரண்டும் விரைந்த பேச்சில் ஒன்றுபோல் ஒலிக்கும். மருந்தின் அளவிலோ சரக்கின் கணக்கிலோ பதினைந்து ஐம்பதானால் விளைவு என்னவாகும்? ‘ஒன்று ஐந்தா, ஐந்து சைபரா?’ என்று வினவுவதில் இழிவேதும் இல்லை. ‘மெதுவாகச் சொல்லுங்கள்’ என்று கேட்கத் துணிதலும் நேர்மையின் ஒரு பகுதியே.

ஹிஜ்ரி 131இல் மறைந்த வாஸில் இப்னு அதா என்பாருக்கு ‘ரா’ எனும் எழுத்து செம்மையாக வரவில்லை. அவர் அவ்வெழுத்தே இடம்பெறாத சொற்களைத் தேர்ந்து தம் உரைகளை அமைத்தார் என அரபி இலக்கிய நூல்கள் கூறுகின்றன. அன்னாரின் நாவன்மையை வியக்கும் நாம், ஓரெழுத்துக்காக ஒரு மனிதர் எத்துணைப் பாரத்தைச் சுமந்தார் என்பதையும் எண்ணவேண்டும். அயல்மொழியில் பேசும் ஒவ்வொருவரும் இத்தகைய பாரத்தைச் சிறிதேனும் சுமந்தே வருகின்றனர். அதில் பாதியைக் கேட்பவர் ஏற்றுக்கொள்வதே நீதி.

மொழிகளின் வேற்றுமையை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகக் கருதப் பழகியவர்கள் நாம். அவ்வேற்றுமை நம் செவிக்குச் சற்றுச் சிரமம் தரும்போது முகம் சுளித்தல் தகுமா? பொறியாளரிடம் காட்டும் பொறுமையை உடன் உழைக்கும் தோழரிடமும் காட்ட நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக.