அயலாருக்காகச் சுழலும் விசிறி

மாலை மயங்கியதும் கொசுவர்த்திச் சுருளை ஏற்றி வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். புகை பொறாத கொசு வெளியேறுகிறது. நாம் நிம்மதியாய் உறங்குகிறோம். ஆனால் வெளியேறிய கொசு எங்கே செல்கிறது? சுருள் வாங்கவும் வசதியற்றவரின் குடிசைக்குள் அது நுழையுமாயின், நாம் நோயை ஒழித்தோமா, அல்லது அதன் முகவரியை மாற்றினோமா?

விரட்டுவதை விடுத்து அழைத்துப் பிடிக்கும் வழியும் உண்டு. கென்யா நாட்டில், விக்டோரியா ஏரியிலுள்ள ருசிங்கா தீவில் அது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவையும் தோலின் மணத்தையும் கொண்டே பெண் கொசு நம்மைக் கண்டுகொள்கிறது. அறிவியலார் அம்மணத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அம்மோனியா, லாக்டிக் அமிலம் முதலிய வேதிப்பொருள்களை நைலான் பட்டைகளில் ஏற்றிப் பொறிக்குள் வைத்தனர். மனிதர் என்று மயங்கி வரும் கொசுவைப் பொறியிலுள்ள சிறு விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஏறத்தாழ 25,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில், 2012 முதல் 2015 வரை நடந்த ஆய்வின்போது, வீட்டுச் சுவர்களின் வெளிப்புறத்தில் இப்பொறிகள் பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்டன. கொசுவலையும் மருத்துவமும் வழக்கம்போல் தொடர்ந்தன. ஆய்வின் முடிவு 2016இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. பொறி வைத்த பகுதிகளில் மலேரியாத் தொற்று 23.7 விழுக்காடு; வைக்காத பகுதிகளில் 34.5 விழுக்காடு. நோய் முற்றும் ஒழியவில்லை. எனினும் அங்கே பரப்பும் கொசு இனங்களுள் ஒன்று பெரிதும் குறைந்தது.

ஓர் உயிரை மயக்கிக் கொல்வது அறமா என்று சிலர் வினவலாம். காய்ச்சலில் நடுங்கும் குழந்தையின் அருகே நிற்பவர் அவ்வினாவில் நெடுநேரம் தங்கமாட்டார். எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது வேறொரு வினா.

விசிறியைச் சுழற்ற மின்சாரம் வேண்டும். அதற்கெனத் தரப்பட்ட சூரியத்தகடே வீட்டுக்குள் விளக்கேற்றியது, கைபேசிக்கும் மின்னூட்டியது. விளக்கின் பயன் வீட்டாருக்கு உடனே தெரியும். விசிறியின் பயனோ கண்ணுக்குத் தெரியாதது. ஊரார் அனைவருக்கும் பொதுவானது. என் சுவரிலுள்ள பொறி இன்றிரவு பிடிக்கும் கொசு, அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடித்திருக்க வேண்டியதாகவும் இருக்கலாம். அக்குழந்தையின் தாய் எனக்கு நன்றி சொல்ல வரப்போவதில்லை. நடந்திராத காய்ச்சலை அவள் எவ்வாறு அறிவாள்?

மேகம் மூடிய நாளொன்றில் மின்கலத்தில் சிறிதளவே மின்சாரம் எஞ்சியுள்ளதென்று கொள்வோம். விளக்கா, விசிறியா? விளக்கை வேண்டுபவரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த பிள்ளைக்கு வெளிச்சமும் ஒரு தேவையே. ஆயினும் எல்லா வீட்டாரும் அவ்வாறே எண்ணினால், பொறிகள் சுவரில் வெறும் பெட்டிகளாய்த் தொங்கும். கொசு மறுபடியும் மனிதரிடமே வரும். பொதுநலம் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு இழப்புகளால் ஆனது: பயனை நாமே காண முடியாத இழப்பு, புகழ் தராத இழப்பு.

இன்றிரவு நாமும் கதவைச் சாத்துவோம். சாத்துமுன் ஒரு கணம், கதவுக்கு வெளியே இருப்பவரையும் நினைத்துப் பார்ப்போமா?