யந்திரம் செய்யும் ஜபம்

நம் காலத்துப் பூஜை அறைகளில், கைக்குள் அடங்கும் ஒரு சிறு பெட்டி மின்சாரத்தில் செருகிய நிமிஷம் முதல் அல்லும் பகலும் ஒரே மந்திரத்தை ஓய்வின்றி உச்சரித்துக்கொண்டிருப்பதையும், கோயில்களில் தீபாராதனை வேளையில் வாசிப்பார் எவருமின்றி மேளமும் மணியும் சேர்ந்து முழங்குவதையும், விடியற்காலையில் கைப்பேசியிலிருந்து எழும் வேங்கடேச சுப்ரபாதம் சமையலறைக் குக்கரின் விசிலோடு கலந்து வீடெங்கும் பரவுவதையும் காணும்போது, பழைய சாஸ்திரகாரர்கள் இன்று இருந்தால் மிகுந்த உற்சாகத்தோடு விவாதித்திருக்கக்கூடிய ஒரு கேள்வி மனத்தில் எழுகிறது. யந்திரம் செய்யும் ஜபத்தின் பலன் யாரைச் சேரும்?

இதை வேடிக்கைக் கேள்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. திபெத்திய பௌத்தர்கள் மந்திரம் அச்சிட்ட தாள்களைச் சுருட்டி உருளைக்குள் அடைத்து, அதை வலமாகச் சுழற்றுவதையே ஜபத்துக்கு ஒப்பாகக் கருதுகிறார்கள். கையால் சுழற்றும் உருளைகளோடு, ஓடைநீரின் வேகத்தால் தானாகவே சுழலும் உருளைகளும் அவர்களிடம் உண்டு. நம் வழக்கத்திலோ, பிறரைக் கொண்டு வழிபடுவது இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சகஸ்ரநாமத்தை அர்ச்சகர் சொல்ல, நாம் பெயரையும் கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் மாத்திரம் தந்துவிட்டுக் கைகூப்பி நிற்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகத் தாயார் இங்கே அர்ச்சனை செய்கிறார். பிறர் வாயால் துதிக்கலாம் என்றால், பெட்டியின் வாயால் ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

இந்த இடத்தில்தான் ஜைமினி முனிவரின் மீமாம்ஸா தரிசனம் நமக்குத் துணை வருகிறது. சோமயாகத்தில் பதினாறு ருத்விக்குகள் காரியங்களைப் பங்கிட்டுக்கொண்டு மந்திரம் ஓதுகிறார்கள், ஹவிஸை அக்கினியில் இடுகிறார்கள், ஸாமம் பாடுகிறார்கள். யாகத்துக்கு உரிய யஜமானன் செய்வது அவர்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அப்படியானால் பலன் யாருக்கு என்பதை மீமாம்ஸகர்கள் வெகு சிரத்தையோடு ஆராய்ந்து, ருத்விக்குகள் தட்சிணை பெற்றுக்கொண்டு பிறருக்காகச் செய்பவர்களாதலால் பலன் யஜமானனுக்கே உரியது என்று தீர்மானித்தார்கள். அத்தோடு அவர்கள் நின்றிருந்தால், மின்கட்டணத்தையே தட்சிணையாகக் கொண்டு உழைக்கும் நம் பெட்டியையும் பதினேழாவது ருத்விக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் இன்னும் ஓர் அடி சென்று, மற்றக் காரியங்களைப் பிறர் செய்தாலும், ஆஹுதியாகும் பொருளின்மேல் தனக்குள்ள உரிமையைத் துறந்து தேவதைக்கு விட்டுக்கொடுக்கும் தியாகத்தை மாத்திரம் யஜமானன் தானே செய்ய வேண்டும் என்றார்கள். துறப்பதற்கு முதலில் ஒன்று தனக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் அல்லவா? பெட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. நமக்கோ காலைப் பொழுது இருக்கிறது. அதில் கால் மணி நேரத்தை விட்டுக்கொடுத்து அந்த ஒலியின் முன்னால் அமர்ந்தவர் யஜமானராகிறார். விசையைத் தட்டிவிட்டு அலுவலகக் குறுஞ்செய்திகளில் ஆழ்ந்துவிட்டவரின் வீட்டில் யாகம் நடக்கிறது, யஜமானனைக் காணோம்.

மனு ஸ்மிருதியோ, ஜபத்தை விதியாகத்தைக் காட்டிலும் பத்து மடங்கு உயர்ந்ததாகவும், அருகிலிருப்பவர்க்கும் கேளாதபடி உதடசைத்துச் செய்யும் உபாம்சு ஜபத்தை நூறு மடங்காகவும், மனத்துக்குள்ளேயே நிகழும் மானஸ ஜபத்தை ஆயிரம் மடங்காகவும் சொல்கிறது. யந்திரத்தின் சாமர்த்தியமெல்லாம் வாய்விட்டு உரைக்கும் முதல் வகையோடு முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டும் மனிதனுக்கென்றே விடப்பட்டிருக்கின்றன. இன்று மின்ரயில்கள் நின்று செல்லும் திருநின்றவூரில்தான், பொருள் கிடைக்காத பூசலார் நாயனார் தம் மனத்திலேயே கல் சேர்த்து, தச்சர் அமர்த்தி, நாள் பார்த்துச் சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பினார். அதே நாளில் காஞ்சியில் தன் கற்றளிக்குப் பிரதிஷ்டை குறித்திருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார்.

இதனால் ஒலிப்பதிவுகளை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய சுப்ரபாதம், எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963-ல் இசைத்தட்டாக வெளிவந்த பிறகு, சமஸ்கிருத எழுத்து ஒன்றுகூட அறியாத எத்தனையோ பெண்கள் கோலம் போட்டுக்கொண்டும் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டும் அதை முழுவதும் மனப்பாடம் செய்தார்கள். சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் கந்த சஷ்டி கவசமும் அவ்வாறே இல்லந்தோறும் கற்கப்பட்டது. பாகவதம் சொல்லும் ஒன்பது வகைப் பக்தியில் முதலாவது சிரவணம். பரீட்சித்து மகாராஜன் ஏழு நாட்கள் கேட்டே கரையேறினான். கூடவே முணுமுணுக்கிற வாய் இருக்குமானால் இசைத்தட்டு ஒரு பாடசாலை ஆகிவிடுகிறது. ஒரு குறை மாத்திரம் உண்டு. வேதபாடசாலையில் சந்தை சொல்லித்தரும் ஆசிரியர், தாம் ஒருமுறை சொன்னதைப் பிள்ளை இருமுறை திருப்பிச் சொல்லும்போது ஸ்வரம் பிசகினால் உடனே பிடித்து நிறுத்துவார். இசைத்தட்டோ நாம் சொல்வதைக் கேட்பதே இல்லை. திருமலையில்கூட மார்கழி மாதம் முழுவதும் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது; நம் கைப்பேசிக்கு அந்த மாதமும் தெரியாது, நாமாக மாற்றினாலொழிய.

மின்சார மேளத்தை மாத்திரம் என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. சுவாமி புறப்படும்போது மல்லாரி, விடியலில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி என்று வேளையறிந்து வாசித்த நாயனக்காரரும் தவில்காரரும், திரை விலகும் கணத்தையும் அர்ச்சகரின் கை உயரும் கணத்தையும் கண்ணால் கவனித்து வாசித்தவர்கள். அவர்களுடைய வாத்தியமும் ஒரு தரிசனமாக இருந்தது. யந்திரமோ எந்தக் கோயிலிலும், எந்தத் திருநாளிலும் ஒரே வேகத்தில் அடிக்கிறது. அதன் இரைச்சலில் பக்கத்தில் ஓதுவார் பாடும் தேவாரமும் அமுங்கிப்போகிறது. வருவாயற்ற சிறு கோயிலில் ஒருகால பூஜையைத் தனியாளாக நடத்தும் குருக்களிடம் போய், மேளக்காரரை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பது நியாயமாகாது. அவருக்கு விளக்கெண்ணெய்க்கே பொருள் போதுவதில்லை. ஆனால் அந்தக் கோயிலிலும் மாலையில் நாலு பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். கண்டாமணியின் கயிறு எட்டாதவனைத் தகப்பனார் தூக்கிப் பிடிப்பார். சேமக்கலத்தைச் சற்றே பெரிய பெண் தட்டுவாள். தாளம் முன்பின்னாகப் போனால் போகட்டும், தீபம் எப்போது உயர்கிறது, எப்போது தாழ்கிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள். விசையைத் தட்டுவதற்கு முன்னால் குருக்கள் ஒருநாள் அவர்களை அழைத்துப் பார்க்கலாம்.