எல்லா அசதியும் சோம்பல் அல்ல

அல்ஹம்துலில்லாஹ்! புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



"உடம்பெல்லாம் அசதியா இருக்கு ஹஜ்ரத், சுபுஹுக்கு எழுந்திருக்க முடியல" என்று பலர் சொல்கிறார்கள். கேட்டவுடன், "சோம்பேறித்தனம், ஈமான் குறைவு" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிய துஆவில் ‘அஜ்ஸ்’, ‘கஸல்’ என்ற இரண்டிலிருந்தும் தனித்தனியே பாதுகாவல் தேடினார்கள் (புகாரி). அஜ்ஸ் என்றால் இயலாமை: மனமிருந்தும் உடலில் சக்தி இல்லாத நிலை. கஸல் என்றால் சோம்பல்: சக்தி இருந்தும் மனம் வராத நிலை. நோய் வேறு, எனவே மருந்தும் வேறு.

முதலில் இயலாமை. நம் வீட்டுப் பெண்களைப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, மதியமே படுத்துவிடுகிறார்கள். இது சோம்பலா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த உடம்போடுதான் அவர்கள் நமக்குச் சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயும் தைராய்டு குறைபாடும் இப்படியே ஆளைச் சோர வைக்கும். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் இவை தெரிந்துவிடும். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபியவர்களே ஏவியிருக்கிறார்கள். பரிசோதனைக்கு அழைத்துப் போகாமல் ஏசுவது மார்க்கமல்ல. முருங்கைக்கீரை, ஈரல் போன்ற இரும்புச்சத்துள்ள உணவைக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து உடலில் சரியாகச் சேராது.

பாத்திமா (ரலி) அவர்கள் திருகையில் மாவரைத்துக் கை நொந்து, ஒரு பணியாள் கேட்டுத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள். நபியவர்கள் அதைச் சோம்பல் என்று சொல்லவில்லை. இரவில் மகளின் வீட்டுக்கே வந்து, படுக்கும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை ஓதக் கற்றுக் கொடுத்தார்கள். பணியாளைவிட அது மேலானது என்றார்கள். அதே நபியவர்கள் தம் வீட்டில் குடும்பத்தாருக்கு வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். திக்ரும் வேண்டும், கைகொடுப்பதும் வேண்டும்.

அடுத்து சோம்பல். நபியவர்கள் இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சையும் வெறுத்தார்கள் (புகாரி). நமக்கோ இஷாவுக்குப் பிறகுதான் கைப்பேசி கைக்கு வருகிறது. இரவு ஒரு மணி வரை வீடியோ, ஐந்து மணிக்கு பாங்கு. நான்கு மணி நேரத் தூக்கத்தில் எந்த உடம்பு எழுந்திருக்கும்? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். உடலுக்கும் கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம் சொன்னது, இரவெல்லாம் நின்று வணங்கியதற்காக! இபாதத்துக்கே அந்தக் கண்டிப்பு என்றால், வீடியோவுக்கு என்ன பதில் சொல்வோம்?

தூங்குபவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் போடுகிறான். விழித்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்று, ஒளு செய்தால் ஒன்று, தொழுதால் மற்றொன்று அவிழ்கிறது. அவர் உற்சாகத்தோடு காலையை அடைகிறார் என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்).

ஆகவே சகோதரர்களே, இன்றிரவு இஷா தொழுததும் கைப்பேசியைப் படுக்கைக்கு வெளியே வையுங்கள். அந்தத் தஸ்பீஹை ஓதிப் படுங்கள். பகலில் முடிந்தால் சிறிது நேரம் கைலூலா தூங்குங்கள். இத்தனைக்கும் பிறகு சில வாரங்களாகியும் அசதி போகவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் யாராவது "முடியல" என்றால், ஒருமுறை நம்பிக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! இயலாமையை விட்டும் சோம்பலை விட்டும் எங்களைக் காப்பாயாக! எங்கள் வீட்டாருக்கு ஆஃபியத்தைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!